பிரேக் பிடித்த பிறகு

கோவையிலிருந்து ஈரோடு பக்கம் ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். இருகூரைத் தாண்டி வண்டி வேகமெடுக்கிறது. திடீரென்று விடாமல் ஹாரன் ஒலிக்கிறது. உட்கார்ந்திருப்பவர்களின் உடல் முன்னே சாய, தென்னந்தோப்புகளுக்கு நடுவே வண்டி நின்றுவிடுகிறது. "ஆள் அடிபட்டுட்டாராம்" என்ற செய்தி பெட்டி பெட்டியாக நகர்ந்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியும் விடுகிறது.

அந்த இடைவேளையில் பயணிகள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அடிபட்டவர் யார், எந்த ஊர் என்பது ஒன்று. தூரத்திலேயே ஆள் தெரிந்திருக்குமே, டிரைவர் ஏன் நிறுத்தவில்லை என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்விக்கு இயற்பியலில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையைத் தெரிந்துகொண்டால் அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று முளைக்கும். அவரால் வண்டியை நிறுத்தியிருக்கவே முடியாது என்றால், அதன்பின் அவர் ஏன் மாதக்கணக்கில் தூக்கத்தை இழக்கிறார்? சட்டம் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. உடன் வேலை செய்பவர்களும் சொல்லவில்லை. அவருடைய மனம் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறது?

இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல. இந்தியாவில் ரயில் மோதியும் ரயிலிலிருந்து விழுந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 பேர் இறக்கிறார்கள். சாலை விபத்துகளில் 2022-ஆம் ஆண்டில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். இந்த மரணங்களில் பலவற்றுக்கு மறுபக்கத்தில், உயிரோடு வீடு திரும்பிய ஓர் ஓட்டுநர் இருக்கிறார்.

பத்து விநாடிக் கணக்கு

ஈரோட்டைச் சேர்ந்த நாற்பது வயது லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநர், ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அத்தியாயம் முழுக்க அவரோடுதான் பயணம் செய்யப்போகிறோம். பக்கத்து இருக்கையில் உதவி லோகோ பைலட். பின்னால் 22 பெட்டிகள். எஞ்சின் மட்டும் 123 டன். பெட்டிகளையும் பயணிகளையும் சேர்த்தால் எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். வண்டி மணிக்கு 110 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது.

300 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் ஏதோ தெரிகிறது. அங்கே போய்ச்சேர வண்டிக்குத் தேவைப்படும் நேரம் பத்து விநாடி.

அது மனிதர்தான் என்று கண்ணும் மூளையும் தீர்மானிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். கை ஹாரனையும் பிரேக் கைப்பிடியையும் தேடிப் போகிறது. ரயிலின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை பிரேக் குழாய் ஒன்று தொடர்ச்சியாக ஓடுகிறது. அதிலுள்ள காற்று வெளியேறி அழுத்தம் குறையக் குறைய, ஒவ்வொரு பெட்டியாக பிரேக் பிடிக்கும். முழு வண்டியையும் பிரேக் கவ்வ இன்னும் இரண்டு மூன்று விநாடி ஆகும்.

மிச்சமிருப்பது ஆறேழு விநாடி. ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுதான். தார்ச்சாலையில் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடிமானம் இங்கே கிடைக்காது. அவசர பிரேக் போட்டாலும் ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் மணிக்கு இரண்டு கி.மீ. அளவுக்குத்தான் குறையும். ஏழு விநாடியில் பதினான்கு கி.மீ. 110-இலிருந்து 14 போனால் 96.

ஆக, எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஓட்டுநரின் வண்டி அந்த இடத்தைத் தொடும்போது 96 கி.மீ. வேகத்தில் இருக்கிறது. அது முழுதாக நிற்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது, ஒதுங்கிப் போக வழியும் இல்லை. அவர் செய்யக்கூடியதை எல்லாம் முதல் இரண்டு விநாடியிலேயே செய்து முடித்துவிட்டார். மீதி எட்டு விநாடியும் அவருக்கு வேலை எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

இந்த எட்டு விநாடிகளில்தான் காயம் உண்டாகிறது.

அந்த எட்டு விநாடிகளில் மூளை

மூளையின் உட்பகுதியில், இரு பக்கமும், வாதுமைப் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. இதை அச்சக்கரு என்று அழைப்போம். ஆபத்தை முதலில் உணர்ந்து உடலைத் தயார்ப்படுத்துவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அச்சக்கரு கிளர்ந்ததும் அட்ரினலினும் அதன் உறவான நாரட்ரினலினும் பாய்கின்றன. இதயம் படபடக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்று உடல் ஆயத்தமாகிறது. எஞ்சின் அறைக்குள் இருப்பவரால் ஓடவும் முடியாது, எதிர்த்து நிற்கவும் முடியாது.

இதே நாரட்ரினலின் இன்னொரு வேலையும் செய்கிறது. அந்தக் கணத்தின் காட்சியை நினைவில் மிக ஆழமாகப் பதிய வைக்கிறது. சட்டையின் நிறம், கையிலிருந்த பை, திரும்பிப் பார்த்த முகம். கண்ணும் கண்ணும் சந்தித்த கணம்தான் பின்னாளில் ஓட்டுநர்களை அதிகம் வதைக்கிறது.

விபத்தைக் கண்டவர்கள் பலரும் எல்லாம் மெதுவாக நடந்ததுபோல் இருந்தது என்பார்கள். இதைச் சோதிக்க அமெரிக்காவின் டெக்சஸில் டேவிட் ஈகிள்மன் என்ற மூளை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கீழே விரித்த வலையில் விழவைத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு சுவையானது. பயத்தில் யாருடைய பார்வையும் வேகம் பெற்றுவிடவில்லை. ஆனால் தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீட்டிச் சொன்னார்கள். நினைவு அடர்த்தியாகப் பதிந்ததால், திரும்பிப் பார்க்கும்போது நேரம் நீண்டு தெரிகிறது.

நம் லோகோ பைலட்டுக்கு இதனால் ஒரு கொடுமை நேர்கிறது. உண்மையில் கைக்குக் கிடைத்தது பத்து விநாடி. நினைவில் இருப்பதோ நீண்ட நேரம். 'இவ்வளவு நேரம் இருந்ததே, ஏதாவது செய்திருக்கலாமே' என்று மனம் கேட்கத் தொடங்குகிறது.

ஒரு மாதம் கழித்து

அன்று அவர் வண்டியை நிறுத்தி, வாக்கி டாக்கியில் கார்டாகப் பணிபுரியும் டிரெயின் மேனேஜருக்கும் அடுத்த நிலையத்துக்கும் தகவல் சொன்னார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை நடுவழியில் விட முடியாது. இந்தியாவில் இத்தகைய நேரங்களில் பெரும்பாலும் அதே ஓட்டுநரே வண்டியைத் தொடர்ந்து ஓட்டுகிறார். நிலையத்தில் மெமோ எழுதிக் கொடுத்து, பணி முடிந்து, ஓட்டுநர் ஓய்வறையான ரன்னிங் ரூமில் படுத்தார். தூக்கம் வரவில்லை.

முதல் சில நாட்களில் இப்படி இருப்பது நோய் அல்ல. நடுக்கம், பசியின்மை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஆரோக்கியமான மனம் காட்டும் எதிர்வினைகள். பெரும்பாலோருக்கு இவை சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, வேலையையும் வீட்டையும் குலைத்தால்தான் மருத்துவர்கள் அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பார்கள். இனி சுருக்கமாக அதிர்ச்சி நோய் என்போம்.

அதன் அறிகுறிகள் நான்கு வகைப்படும். அழைக்காமலே காட்சி திரும்ப வரும், கனவிலும் விழிப்பிலும். அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் மனம் தவிர்க்கும். தன்மேலும் உலகின்மேலும் நம்பிக்கை குறைந்து, யாரோடும் ஒட்டாமல் போகும். உடல் எந்நேரமும் விழிப்பு நிலையிலேயே இருக்கும். குக்கர் விசிலுக்கும் தூக்கிவாரிப்போடும்.

ஒருமுறை மிரண்ட காங்கேயம் வண்டிக் காளை, மறுநாள் அதே திருப்பத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் கால் பதிக்கத் தயங்கும். ஓட்டுநரின் அச்சக்கருவும் அப்படித்தான் இடத்தைக் கற்றுக்கொள்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. காளைக்காரர் வேறு பாதையில் வண்டியை விடலாம். லோகோ பைலட் அடுத்த பணியிலேயே அதே கிலோமீட்டர் கல்லை அதே வேகத்தில் கடந்தாக வேண்டும். தண்டவாளத்தைத் தாண்டிப்போகும் ஒவ்வொருவரும் அவருக்கு அந்த மனிதராகத் தெரிவார்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? தண்டவாளத்தில் ஒரு மரணத்தை எதிர்கொண்ட லண்டன் சுரங்க ரயில் ஓட்டுநர்களை ஒரு குழு ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டது. சம்பவம் நடந்து ஒரு மாதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அதிர்ச்சி நோய் இருந்தது. மனச்சோர்வு, மிகைப் பயம் போன்ற மற்றத் தொல்லைகள் பத்தில் நான்கு பேருக்கு இருந்தன.

ரயிலோடு பிறந்த மருத்துவம்

மனக்காயம் என்ற கருத்து மருத்துவத்துக்குள் நுழைந்த வழிகளில் ஒன்றே ரயில்தான். சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதை 1862-இல் போத்தனூரை எட்டியது. அதே பத்தாண்டில், 1866-இல், லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக்சன் ரயில் விபத்தில் சிக்கியவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெளிக்காயம் அதிகமில்லாத பயணிகள் நடுக்கத்தாலும் மறதியாலும் தூக்கமின்மையாலும் வாடுவதை அவர் விவரித்தார். தண்டுவடம் அதிர்ந்ததே காரணம் என்று நினைத்தார். காரணம் தவறு, ஆனால் நோயாளிகளின் துன்பம் உண்மை.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூனில் இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பினார். அதன்பின் ரயிலேறினாலே அவருக்கு நடுக்கம் வரும். 1980-இல்தான், முக்கியமாக வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அனுபவத்தால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தது. பயணிக்கும் போர்வீரருக்கும் கிடைத்த கவனம் ஓட்டுநருக்குக் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது.

தப்பில்லாதவருக்கு ஏன் குற்ற உணர்வு?

இப்போது நம் மையக் கேள்விக்கு வருவோம். இதற்கு இரண்டு படிகளில் விடை சொல்லலாம்.

முதல் படி: ஒரு துயரம் நடந்ததும் மனம் அதை நடக்காததாக மாற்றிப் பார்க்கத் துடிக்கும். இதை மாற்றிப் புனைதல் எனலாம். எதை மாற்றுவது? இறந்தவரின் மனத்தை மாற்ற முடியாது. வண்டியின் எடையை மாற்ற முடியாது. மாற்றத்தக்கதாகத் தோன்றுவது தன் செயல் ஒன்றே. 'திருப்பூரில் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், அன்றைக்கு லீவு போட்டிருந்தால்' என்று மனம் ஓடும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன் செயலுக்கும் அந்த மரணத்துக்கும் உள்ள முடிச்சு இறுகும்.

இரண்டாவது படியை மெய்யியலாளர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் ஒரு லாரி ஓட்டுநரையே எடுத்துக்காட்டாக வைத்தார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லாமலே ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வரும் வருத்தமும் ஓட்டுநருக்கு வரும் வருத்தமும் ஒன்றல்ல என்றார் வில்லியம்ஸ். ஓட்டுநருடையது, தன் கைவழியாக நடந்துவிட்டது என்ற துயரம். இதைக் கைப்பட்ட துயர் என்று அழைப்போம். அவரைத் தேற்ற வேண்டியது நம் கடமை. ஆனால் நொடியில் தேறிவிடும் ஓட்டுநரைக் கண்டால் நமக்கே உறுத்தும் என்பதையும் வில்லியம்ஸ் கவனித்தார்.

ஆகவே இந்தக் குற்ற உணர்வு ஓட்டுநரின் பலவீனம் அல்ல. பிறர் உயிரை மதிக்கும் மனத்தின் இயல்பு அது. "உன் மேல தப்பு இல்லப்பா, விடு" என்று நண்பர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது போதாது. அவருடைய அறிவுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

நெடுஞ்சாலையில் இன்னொரு சுமை

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் வளர்ந்த ஊர்கள். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. இந்த ஊர்களில் ஓட்டுநர் இல்லாத தெரு அபூர்வம். லோகோ பைலட்டுக்கு இல்லாத மூன்று சுமைகள் லாரி ஓட்டுநருக்கு உண்டு.

ஒன்று, கூட்டத்தின் கோபம். விபத்து நடந்ததும் லாரிக்காரர் ஏன் ஓடிவிடுகிறார் என்று நாம் கேட்கிறோம். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூட்டத்தின் கோபத்தால் அது இயலாமல் போனால் விலக்கும் தருகிறது. ஓடிவிட்டவருக்கு அடிபட்டவரை விட்டுவிட்டு வந்தோம் என்ற இன்னொரு பாரமும் மனத்தில் ஏறிக்கொள்கிறது.

இரண்டு, வழக்கு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. விபத்தை அறிவிக்காமல் தப்பினால் பத்து ஆண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

மூன்று, உண்மையிலேயே தவறு இருக்கக்கூடும் என்பது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தில் மோதியது. பேருந்து ஊழியர்கள் இருவர் உட்பட 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பை எதனோடும் ஒப்பிட முடியாது. பொறுப்பு யாருடையதோ அவர் அதை ஏற்கத்தான் வேண்டும். அதோடு அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித மூளை தூக்கத்துக்காகத் தானே தாழும் நேரம் என்பதும் உடலியல் உண்மை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. நெடுஞ்சாலையில் அந்த வரையறை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை எந்த லாரிப்பட்டறையில் விசாரித்தாலும் சொல்வார்கள்.

எது ஆற்றும், எது ஆற்றாது

நம் லோகோ பைலட்டின் வீட்டுக்குத் திரும்புவோம். இரவு இரண்டு மணிக்கு மனைவி எழுந்து, "ஏனுங்க, இன்னும் தூங்கலையா?" என்கிறார். "ஒண்ணுமில்ல, நீ படு" என்பது பதில். தூக்கத்துக்காகச் சிலர் மதுவை நாடுகிறார்கள். மது தூங்கவைக்கும், ஆனால் தூக்கத்தின் தரத்தைக் கெடுக்கும். காட்சிகள் திரும்புவதை அது நிறுத்தாது.

உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால் மனம் லேசாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சம்பவம் நடந்த உடனே ஒரே ஒருமுறை விரிவாகப் பேசவைக்கும் முறை பல நாடுகளில் பரவியது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது அதிர்ச்சி நோயைத் தடுக்கவில்லை என்றும் சிலருக்கு நிலையை மோசமாக்கவும் கூடும் என்றும் தெரிந்தது.

முதல் நாட்களில் உதவுபவை எளியவை. வண்டியை ஓட்டும் பொறுப்பிலிருந்து விடுவிப்பது. தனியே விடாமல் ஒருவர் உடனிருப்பது. சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பது. பேச விரும்பினால் கேட்பது, விரும்பாவிட்டால் துருவாமல் இருப்பது. விசாரணையில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று தெளிவாகச் சொல்வது. இதை உளவியல் முதலுதவி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது.

ஒரு மாதம் கடந்தும் தொல்லை நீடித்தால் பயிற்சி பெற்றவரின் பேச்சுச் சிகிச்சை தேவை. பாதுகாப்பான சூழலில், படிப்படியாக, தவிர்த்துவந்த நினைவையும் இடத்தையும் அவர் மீண்டும் சந்திக்கிறார். 'நான் கொன்றுவிட்டேன்' என்ற வாக்கியத்தைப் பத்து விநாடிக் கணக்கோடு வைத்துச் சரிபார்க்கிறார். நினைவு அழிவதில்லை, அழைக்காமல் வரும் அதன் பழக்கம் குறைகிறது. நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை இது.

மதுக்கரை சொல்லும் பாடம்

சிகிச்சையைவிட மேலானது அந்தப் பத்து விநாடியை நீட்டுவது. அது நடக்கக்கூடியதே என்பதற்குக் கோவையிலேயே சான்று இருக்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மங்களூர்–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. வண்டியை ஓட்டியவர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைப் பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பைத் தொடங்கியது. 7 கி.மீ. பாதைக்கு 12 கோபுரங்கள், இருட்டிலும் உடல் வெப்பத்தைக் கண்டுகொள்ளும் கேமராக்கள், 7.24 கோடி ரூபாய் செலவு. யானை பாதையருகே வந்ததும் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில்வேக்கும் ஓட்டுநருக்கும் போகும். 300 மீட்டரில் தெரிந்தது பல கிலோமீட்டர் முன்பே தெரிந்துவிடுகிறது. யானையும் பிழைக்கிறது, ஓட்டுநரின் மனமும் பிழைக்கிறது.

மனிதர்களுக்கும் இதே கணக்குத்தான். 2019 நவம்பரில் சூலூர் அருகே தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த பொறியியல் மாணவர்கள் நான்கு பேர் ரயில் மோதி இறந்தார்கள். ஆட்கள் வழக்கமாகக் கடக்கும், கூடும் இடங்களில் வேலி, சுரங்கப்பாதை, நடைமேம்பாலம், விளக்கு ஆகியவை கடப்பவரின் உயிரோடு ஓட்டுநரின் நலத்தையும் காக்கும்.

இதுவும் வேலையிடக் காயம்தான்

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரம் தமிழ்நாடு அரசு கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. உடற்காயத்துக்கு முதல் மணிநேரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை அரசு உணர்ந்ததன் அடையாளம் அது. அதே சாலையில் வெளிக்காயமின்றி நிற்கும் ஓட்டுநருக்கும் முதல் மணிநேரங்கள் முக்கியம்.

ஜெர்மனியில் இத்தகைய சம்பவத்துக்குப் பின் ஓட்டுநரை உடனே பணியிலிருந்து விடுவிக்கிறார்கள். அவருடைய மனக்காயத்தைப் பணியிட விபத்தாகக் கருதிச் சிகிச்சை தருகிறார்கள். நம்மிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தொழிலால் வரும் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. கோவைப் பஞ்சாலைகளில் நுரையீரலைக் கெடுத்த பஞ்சுத் தூசி நோய்க்கும் அதில் இடம் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத தூசியைச் சட்டம் காயமாக ஏற்றுக்கொண்டது. ஓட்டுநரின் அதிர்ச்சி நோய்க்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் ஓட்டுநர் ஒருவர் இருந்து, அவருக்கு இப்படி ஒன்று நேர்ந்திருந்தால், ஒரு மாதத்துக்கு மேல் தூக்கமின்றித் தவிப்பதை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

அரசும் ரயில்வேயும் லாரி உரிமையாளர்களும் செய்ய வேண்டியது மூன்று: மரணம் நேர்ந்த அன்று ஓட்டுநரைப் பணியிலிருந்து விடுவியுங்கள். ஊதிய இழப்பின்றி ஓய்வும் சிகிச்சையும் கொடுங்கள். அதிர்ச்சி நோயைத் தொழில்சார் நோய்களின் பட்டியலில் சேருங்கள்.